விருந்து நிரலும் இல்ல மென்பொருளும்: கணிப்பொறித் தமிழ் உள்ளீட்டில் ஒரு நூலகச் சிக்கல்

முன்னுரை

கணிப்பொறியும் தமிழும் என்று பேசத் தொடங்கினால் நம் அரங்குகளில் பெரிதும் பேசப்படுவன மூன்று: எழுத்துரு, குறியீட்டு முறை, விசைப்பலகை. இம்மூன்றும் இன்றியமையாதனவே. ஆயினும், விசையைத் தட்டும் விரலுக்கும் திரையில் தோன்றும் எழுத்துக்கும் இடையே நிகழ்வது யாது என்னும் வினா நம்மிடையே அருகியே எழுகிறது.

அவ்வினா எழாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டைத் தமிழில் தட்டச்சிட்டுக்கொண்டிருக்கிறார். மென்பொருள் திடீரென மூடிக்கொள்கிறது; சேமிக்காத பக்கங்கள் மறைகின்றன. ஆங்கிலத்தில் தட்டும்போது நேராத இவ்விடர் தமிழில் தட்டும்போது மட்டும் நேருமாயின், அருகிருப்போர் உடனே கூறும் முடிவு 'தமிழ் போட்டால் கணிப்பொறி தாங்காது' என்பதுதான். குற்றம் மென்பொருளின் அமைப்பில் இருக்க, பழி மொழியின்மேல் விழுகிறது. இப்பழியைக் கேட்டுக் கேட்டு, 'ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம்' என்று ஒதுங்கும் மனநிலை வளருமாயின், அது ஓர் இயந்திரக் கோளாற்றோடு முடியும் செய்தி அன்று.

இத்தகைய இடருக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் முதன்மையான ஒன்றையும், அதனை வல்லுநர்கள் தீர்த்த வகையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். துறை புதிது, ஆனால், அதன் உட்பொருள் நம் வீட்டிலும் வயலிலும் நாம் காண்பதே.

விசைக்கும் எழுத்துக்கும் இடையே

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு விசை ஒன்று. விசையைத் தட்டினால் எழுத்து விழும். முன்னே வந்த எழுத்து எதுவென்று பார்க்க வேண்டுவதில்லை. தமிழின் நிலை அவ்வாறன்று. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ் இணையம் 99' மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதில் 'தஞ்சை' என்னும் சொல்லைத் தட்டுவதாகக் கொள்வோம். நாம் தட்டுவன த, ஞ, ச, ஐ என்னும் நான்கு விசைகள். ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்த அளவில், அது மெய்ம்மயக்கம் என்று உணர்ந்து ஞகரத்திற்குப் புள்ளி இடப்படுகிறது. சகரத்தை அடுத்து ஐகாரம் வந்ததும் அது உயிர்மெய்யாகச் சேர்கிறது. முடிவில் ஒருங்குறியில் சேமிக்கப்படுவன த, ஞ, புள்ளி, ச, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். நான்கு தட்டல், ஐந்து குறியீடு, மூன்று எழுத்து!

இக்கணக்கைச் செய்வதற்கு, முன்வந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் தனி நிரல் ஒன்று வேண்டும். அதனை உள்ளீட்டு முறை என்பர். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், அழகி, இ-கலப்பை முதலியன இவ்வகையில் நம்மவர் அறிந்த பெயர்கள்.

இந்நிரல் தனித்து நின்று பயன்தருவதன்று. நாம் எழுதுவது சொற்செயலியில், அல்லது உலாவியில், அல்லது கணக்கேட்டு மென்பொருளில். அவற்றை ஆக்கியோர் தமிழை எண்ணி ஆக்கியவர் அல்லர். ஆகவே, உள்ளீட்டு நிரல் அம்மென்பொருள்களுள் நுழைந்து பணி செய்ய வேண்டியதாகிறது. இக்கட்டுரையில் நுழைந்து பணி செய்யும் நிரலை 'விருந்து நிரல்' என்றும், அதற்கு இடந்தரும் மென்பொருளை 'இல்ல மென்பொருள்' என்றும் குறிப்போம்.

விருந்து தங்கும் அறை

ஒரு மென்பொருள் இயங்கத் தொடங்கும்போது, இயங்குதளம் அதற்கென நினைவகத்தில் ஒரு தனி இடத்தை ஒதுக்குகிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று கைவைக்க இயலாதவாறு அவ்விடங்கள் தடுக்கப்பட்டிருக்கும். இதனை 'இயக்க அறை' எனலாம். ஓர் அறையில் கோளாறு நேர்ந்தால் அவ்வறை மட்டுமே மூடும். அடுத்த அறை நிற்கும்.

ஆனால், விருந்து நிரல் பல அமைப்புகளில் தனி அறையில் தங்குவதில்லை; இல்ல மென்பொருளின் அறைக்குள்ளேயே ஏற்றப்படுகிறது. விண்டோசில் விசைத் தட்டல்களை இடைமறித்துப் பெறும் கொக்கி முறை ஒன்று உண்டு. அம்முறையில் ஒரு நிரல், இயங்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றின் அறைக்குள்ளும் ஏற்றப்படக்கூடும். பின்வந்த உரைப்பணிச் சட்டகம் என்னும் அமைப்பிலும் உள்ளீட்டு நிரல் மென்பொருளின் அறைக்குள்ளேயே அமர்கிறது. லினக்சில் ஜிடிகே என்னும் திரைக்கருவித் தொகுதி, உள்ளீட்டுக் கூறு ஒன்றை அவ்வாறே மென்பொருளின் அறைக்குள் கொணர்கிறது.

இல்ல மென்பொருளை ஆக்கியவர் இவ்விருந்தை அழைத்தவர் அல்லர். அது வருவதையும் அறியார். விருந்தும் தான் நுழையப்போகும் இல்லங்கள் எத்தகையன என்று முன்னறிய இயலாது. இருவரும் அறியாமலே இருவரும் ஓர் அறையில் சேர்கின்றனர். சிக்கலின் விதை இங்கேதான் விழுகிறது.

ஒரு தாலத்தில் நால்வர்

எந்த மென்பொருளும் தன் வேலை முழுவதையும் தானே செய்வதில்லை. எழுத்துத் தொடர்களைக் கையாளல், நினைவகம் கேட்டல், கோப்புத் திறத்தல் போன்ற பொதுவேலைகளுக்கென ஆயத்தமான நிரல் தொகுதிகள் உள்ளன. அவற்றுக்குப் பொது நிரல்நூலகம் என்று பெயர். நூறு மென்பொருள்கள் பயன்படுத்தினும் வட்டில் ஒரு படி போதும். நூலகத்தில் பிழை கண்டால் ஓரிடத்தில் திருத்தினால் நூறும் திருந்தும். சிக்கனமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

நம் கடற்கரை ஊர்த் திருமணங்களில் ஒரு தாலத்தைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் சகன் விருந்தை இதற்கு ஒப்பிடலாம். பாத்திரம் குறைவு, பரிமாறுதல் எளிது, உறவு நெருங்குகிறது. ஆனால், அமர்ந்திருக்கும் நால்வரும் ஒரே உணவை உண்ணக்கூடியவராக இருத்தல் வேண்டும். ஒருவருக்கு மருத்துவர் உப்பை விலக்கியிருப்பின், அவருக்காகத் தாலம் முழுவதையும் உப்பின்றி ஆக்குவதும் முறையன்று. அவரை உப்போடு உண்ணச் செய்வதும் முறையன்று. அவருக்குத் தனித்தட்டு வைப்பதே அறிவு. பகிர்தல் நன்று, எல்லோருக்கும் பொருந்தும் என்று கேளாமலே கொள்வது நன்றன்று.

மரக்கால் ஒன்று, அளவு இரண்டு

நூலகங்கள் காலந்தோறும் திருத்தம் பெறுகின்றன. திருத்தம் பெற்ற நூலகம் பழைய பெயர்களையே தாங்கி நிற்கும். ஆனால், அப்பெயர்கள் குறிக்கும் பொருளின் அளவு மாறியிருக்கும். இதனை ஓர் உண்மை எடுத்துக்காட்டால் காண்போம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுத்துத் தொடரைக் குறிக்கும் பொருளுக்கு 'ஸ்ட்ரிங்' என்று பெயர். ஜிசிசி என்னும் புகழ்பெற்ற தொகுப்பியின் பழைய அமைப்பில், 64 பிட் கணிப்பொறியில் அப்பொருள் கொண்ட இடம் 8 பைட்டு. 2015ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பியின் 5ஆம் பதிப்பில் அதே பெயருடைய பொருள் கொண்ட இடம் 32 பைட்டு. எட்டுக்கென இடம் ஒதுக்கியவரிடம் முப்பத்திரண்டைக் கொண்டுவந்து இறக்கினால் அடுத்த இடமும் அழியும்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது புதிய துன்பமன்று. நெல் அளக்கும் மரக்கால் எல்லா ஊரிலும் மரக்காலே; ஆனால், ஊருக்கு ஊர் அதன் கொள்ளளவு வேறுபட்டது. ஓரூர் மரக்காலால் கடன் வாங்கி மற்றோர் ஊர் மரக்காலால் திருப்பியளந்தால் பூசல் எழும். தொல்லிலக்கணத்தார் பலபொருள் ஒருசொல் என்று வகுத்ததனை, கணிப்பொறி தாங்காது. மனிதர் இடம்நோக்கிப் பொருள் கொள்வர். 'மா' என்று கேட்டால் மரமா, விலங்கா, நில அளவா என்று தெளிவர். இயந்திரம் இடம் நோக்குவதில்லை. பெயரை மட்டுமே நோக்கும்.

எவ்வாறு நோக்கும்? லினக்சில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை இது: அறைக்குள் ஒரு பெயரை ஒருவர் அழைத்தால், முதலில் இல்ல மென்பொருளிலும் அது கொணர்ந்த நூலகங்களிலும் அப்பெயர் தேடப்படும். அங்கே கிடைத்தால் அதுவே முடிவு. விருந்து நிரல் தனக்கென வேறொரு நூலகத்தைக் கொணர்ந்திருப்பினும், அதே பெயர் இல்லத்தில் முன்பே இருந்தால் இல்லத்தின் பொருளே அதற்குக் கிடைக்கும். புது மரக்காலை எண்ணிக் கணக்கிட்டவர் கையில் பழைய மரக்கால் வந்து சேர்கிறது. அந்நொடியிலேயே கோளாறு தோன்றும் என்பதும் இல்லை. ஒரு நூலகம் ஒதுக்கிய நினைவகத்தை மற்றொரு நூலகம் விடுவிக்க முற்படும் வேளையில், பல பக்கங்கள் தட்டிய பின்னர், காரணம் விளங்காமல் அறை மூடும். இவ்வகைப் பிழையைக் கண்டறிதல் கடினமாவது இதனாலேயே.

இதற்கு ஒரு மருந்தை நம் தஞ்சையே முன்னர்க் காட்டியிருக்கிறது. முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல்லின் அளவைக் கூறும்போது வெறுமனே 'மரக்கால்' என்று கூறி அமைவதில்லை. 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் என்று குறித்து, அது இராசகேசரி என்னும் அளவுக்கு ஒப்பானது என்றும் தெளிவுபடுத்துகின்றன. பொதுப்பெயரோடு சிறப்புப் பெயரைச் சேர்த்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. இக்கால நூலக ஆசிரியர் செய்வதும் இதுவே. பெயரோடு பதிப்புக் குறியைச் சேர்த்து எழுதுகின்றனர். மேற்சொன்ன 2015ஆம் ஆண்டு மாற்றத்தின்போதும், புதிய ஸ்ட்ரிங் பொருளின் பெயரோடு உள்ளே ஓர் அடையாளக் குறி சேர்க்கப்பட்டது. அதனால் பழையதும் புதியதும் ஒரே நூலகத்துக்குள் அருகருகே நிற்க முடிந்தது.

ஆயினும், இம்மருந்து முழுமையானதன்று. குறியிட்ட பெயர்கள் நூலகத்துக்குள் இருப்பனவே. தொகுப்பி சில நிரல் பகுதிகளைப் படியெடுத்து ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் வைத்துவிடுகிறது. அப்படிகளுக்குப் பதிப்புக் குறி இருப்பதில்லை. கல்வெட்டில் எழுதிய அளவு தெளிவு. களத்துமேட்டில் கைமாறும் அளவு தெளிவன்று.

ஸ்கிம் கண்ட இடரும் தீர்வும்

இக்கோட்பாடு நடைமுறையில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதற்கு லினக்ஸ் உலகின் வரலாறு தக்க சான்று. சூ ஜெ என்னும் சீன வல்லுநர் உருவாக்கிய ஸ்கிம் என்னும் உள்ளீட்டு அமைப்பு, 2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் லினக்சில் பரவலாயிற்று. சீனம், சப்பானியம், கொரியம் முதலிய மொழிகளோடு தமிழும் அதன்வழி எழுதப்பட்டது. ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தார் ஆக்கிய 'எம்17என்' என்னும் பன்மொழி நூலகம் தமிழ் 99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. ஸ்கிம் அதனைப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே, இங்கே நாம் காண்பது அயல்மொழிச் செய்தி அன்று. நம் எழுத்தும் பயணம் செய்த வழியே.

ஸ்கிம் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அக்காலத்தில் அம்மொழியின் பொது நூலகம் அடுத்தடுத்து மாறிக்கொண்டிருந்தது. 2002இல் வந்த ஜிசிசி 3.2 பதிப்பும் அடுத்து வந்த 3.3 பதிப்பும் 5ஆம் எண் நூலகத்தைப் பயன்படுத்தின. 2004இல் வந்த 3.4 பதிப்பு 6ஆம் எண் நூலகத்துக்கு மாறியது. லினக்ஸ் வழங்கல்கள் புதிய தொகுப்பியால் ஸ்கிம்மை ஆக்கின. வெளியிலிருந்து பெறப்பட்ட வணிக மென்பொருள்கள் சிலவோ பழைய தொகுப்பியால் ஆக்கப்பட்டு, மூல நிரலின்றி வந்தன. அவற்றைப் பயனர் மீண்டும் தொகுத்துக்கொள்ள வழியில்லை. பழைய நூலகம் கொண்ட இல்லத்துள் புதிய நூலகம் கொண்ட விருந்து நுழைந்தது. மென்பொருள்கள் நிலைகுலைந்து மூடின.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. ஸ்கிம் தன் பெரும்பணியைத் தனி அறையில் செய்யும் வசதியை முன்னரே பெற்றிருந்தது. ஆயினும் இடர் நேர்ந்தது. ஏன்? இல்லத்துள் நுழைந்த சிறு கூறும் சி பிளஸ் பிளஸ் மொழியிலேயே எழுதப்பட்டு, ஸ்கிம்மின் நூலகத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. தூதுவர் ஒருவரே, ஆனால், அவர் தம் குடும்பத்தின் மூட்டை முடிச்சுகள் அனைத்தையும் உடன் கொணர்ந்தார்! பணியைப் பிரித்தால் போதாது. சார்பையும் பிரித்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இப்பாடத்தை உணர்ந்து ரியோ டைரிகி என்னும் சப்பானிய வல்லுநர் 2006இல் ஸ்கிம்-பிரிட்ஜ் என்னும் பாலத்தை அமைத்தார். இல்லத்துள் நுழையும் கூறு எளிய சி மொழியில் மிகச் சிறியதாக எழுதப்பட்டது. ஸ்கிம்மின் நூலகமோ சி பிளஸ் பிளஸ் நூலகமோ அதனோடு செல்வதில்லை. விசை தட்டப்பட்டதும் அச்செய்தியை ஒரு தொடர்புக் குழாய்வழி வெளியே அனுப்புவதும், விடையாக வரும் எழுத்தைப் பெற்று ஒப்படைப்பதும் மட்டுமே அதன் தொழில். சி பிளஸ் பிளஸ் நூலகத்தோடு கூடிய முழு அமைப்பும் தனி அறையில் தனி முகவராக இயங்கியது. இல்லத்தில் எந்த எண் நூலகம் இருப்பினும் இனிக் கவலையில்லை.

2008இல் பெங் ஹுவாங் தொடங்கிய ஐபஸ் என்னும் அமைப்பு இக்கொள்கையைத் தொடக்கத்திலேயே அடித்தளமாகக் கொண்டது. மொழி நிரல்கள் தனித்தனி அறைகளில் இயங்க, டி-பஸ் என்னும் செய்திவழி அவற்றை இல்ல மென்பொருளோடு இணைத்தது. 2009இல் வந்த ஃபெடோரா 11 முதல் அவ்வழங்கலில் ஐபஸ்ஸே இயல்பு உள்ளீட்டு அமைப்பாயிற்று.

பிரிப்பின் நால்வகை

விருந்தின் நூலகத்தையும் இல்லத்தின் நூலகத்தையும் பிரித்து வைக்க வல்லுநர் கையாளும் வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, உள்ளடக்கல். விருந்து நிரல் தனக்கு வேண்டிய நூலகப் பகுதிகளைத் தன்னுள்ளேயே சேர்த்துக் கட்டிக்கொள்வது. அப்பெயர்கள் வெளியே தெரியாதவாறு மறைத்தும் கொள்வது. பெயர்களை மறைக்கும் வசதியை ஜிசிசி 2005இல் வந்த 4.0 பதிப்பில் எளிதாக்கியது. இது கட்டுச்சோறு கொண்டு செல்லுதல் போன்றது. குறை யாதெனின், நூலகத்தில் பிழை கண்டு திருத்தும்போது, உள்ளடக்கிய படியைத் தனியே மீண்டும் கட்ட வேண்டும். மறந்தால் பழைய பிழை உள்ளேயே தங்கும்.

இரண்டாவது, பெயர் வேறாக்கல். நூலகத்தின் பெயர்களுக்கு முன்னொட்டோ பதிப்புக் குறியோ இட்டு வேறுபடுத்துவது. ஆடவல்லான் மரக்கால் இவ்வகை. இதன் எல்லையை மேலே கண்டோம்.

மூன்றாவது, தனிப்பெயர்வெளி. ஓர் அறைக்குள்ளேயே தடுப்பு எழுப்பி, தடுப்புக்கு அப்பால் பெயர்த் தேடலைத் தனியே நடத்துவது. லினக்சின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2004ஆம் ஆண்டின் 2.3.4 பதிப்பிலிருந்து 'டிஎல்எம்ஓபன்' என்னும் கட்டளைவழி இதனை அளிக்கிறது; சோலாரிஸ் இயங்குதளத்தில் தோன்றிய வழி அது. ஓர் அறையில் பதினாறு பெயர்வெளிகள் வரை அமைக்கலாம். ஆனால், ஒவ்வொரு வெளியிலும் அடிப்படை நூலகம் உட்பட யாவும் இரட்டிக்கின்றன. ஒரு வெளியில் பெற்ற நினைவகத்தை மற்றொரு வெளியில் விடுவித்தல் ஆகாது. தடுப்பு இருப்பினும் கூரை ஒன்றே. ஒரு பக்கம் தீப்பற்றினால் மறுபக்கமும் எரியும்.

நான்காவது, தனியறை. ஸ்கிம்-பிரிட்ஜும் ஐபஸ்ஸும் கொண்ட வழி இது. விருந்தின் முகவர் நிலைகுலைந்தாலும் தமிழ் எழுதுவது மட்டுமே தடைப்படும். எழுதிய ஆவணம் பிழைத்திருக்கும். முகவரை மீண்டும் தொடங்கிப் பணியைத் தொடரலாம். இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு விசைக்கும் செய்தி வெளியே சென்று திரும்ப வேண்டும். அதனால் மிக விரைந்து தட்டுவோரின் விசை வரிசை பிறழாமல் காத்தல், முகவர் விடைதராதபோது இல்லம் காத்துக் கிடவாமல் பார்த்தல் ஆகியன ஆக்குவோரின் பொறுப்பாகின்றன.

இந்நான்காம் வழியின் மாண்பை உணர, கல்லணையில் பிரிந்து தஞ்சை நகர் வழியாகப் பட்டுக்கோட்டைப் பகுதிக்குச் செல்லும் கல்லணைக் கால்வாயை நினைவுகூரலாம். மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக 1934இல் பயன்பாட்டுக்கு வந்த அக்கால்வாய் மேட்டு நிலத்தின் ஓரமாகச் செல்வது. மேற்கிலிருந்து சரிந்து வரும் காட்டாறுகள் அதன் குறுக்கே வருகின்றன. காட்டாற்றைக் கால்வாயில் கலக்கவிட்டால் பெருமழை நாளில் கரை உடையும். ஆகவே, ஒன்றன் அடியில் மற்றொன்று கடந்து செல்லுமாறு நீர்வழிகள் கட்டப்பட்டன. இரு நீரும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, ஆனால் கலப்பதில்லை. பாசன நீர் வயலுக்கும் வெள்ள நீர் கடலுக்கும் தத்தம் வழியே செல்கின்றன. குறுக்கீடு தவிர்க்க இயலாதது எனின், கலப்பைத் தவிர்க்கும் கட்டுமானம் வேண்டும். மென்பொருள் வல்லுநர் செய்ததும் இதுவே.

பிற தளங்களில்

இச்சிக்கல் லினக்சுக்கு மட்டும் உரியதன்று. விண்டோசில் ஒரே பெயருடைய நூலகக் கோப்பை ஒரு மென்பொருள் மாற்றிவிட, மற்றொன்று இயங்காமற் போகும் நிலையை வல்லுநர் 'டிஎல்எல் நரகம்' என்றே அழைத்தனர். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பதிப்புகளை அருகருகே வைக்கும் முறையைக் கொணர்ந்தது. டாட்நெட் என்னும் இயக்கச் சூழலிலோ நெடுங்காலம் ஓர் அறைக்குள் ஒரு பதிப்பே தங்க இயன்றது. அதனால், விண்டோசின் கோப்பு மேலாளருக்குள் நுழையும் நீட்சிகளை அச்சூழலில் எழுத வேண்டா என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவுறுத்தியது. 2010இல் வந்த டாட்நெட் 4 பதிப்பே பழைய பதிப்போடு ஒரே அறையில் உடனிருக்கும் வசதியைப் பெற்றது. மேலும், 64 பிட் மென்பொருளின் அறைக்குள் 32 பிட் நிரலை ஏற்ற இயலாது. ஆகவே, அறைக்குள் ஏறும் தமிழ் உள்ளீட்டு நிரலை இருவகையிலும் ஆக்கித் தருதல் வேண்டும்.

ஆப்பிள் கணிப்பொறிகளில் 2001 முதல் பெயரோடு நூலகத்தின் அடையாளமும் சேர்த்தே தேடப்படுகிறது. 2007 முதல் உள்ளீட்டு முறைகளைத் தனியறையில் அமைக்கும் சட்டகமும் வந்தது. நம் கைப்பேசிகளில் நிலை இன்னும் தெளிவு. ஆண்ட்ராய்டில் விசைப்பலகை ஒரு தனிச் செயலி. தன் அறையிலேயே இயங்குகிறது. 2014இல் ஐஓஎஸ் 8 பிற நிறுவன விசைப்பலகைகளை ஏற்றபோது அவற்றையும் தனியறையிலேயே வைத்தது. செல்லினம் போன்ற தமிழ் விசைப்பலகைகள் கைப்பேசியின் எச்செயலியிலும் தமிழைத் தடையின்றி எழுதத் துணைநிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

தமிழ்த்துறைக்கு இதனால் ஆவது என்ன?

இது கணிப்பொறித் துறையார் கவலை. தமிழ்த்துறைக்கு இதில் என்ன என்று வினவலாம். நம் துறைகளில் இசுலாமியத் தமிழ் இலக்கியம் ஆராயும் மாணவர்கள் தமிழ் உரைநடையினூடே அரபு மூலத்தையும் எழுத வேண்டியவராகின்றனர். அரபுத் தமிழ் நூல்களை ஆராய்வோருக்கோ, வழக்கமான அரபு விசைப்பலகையில் இல்லாத எழுத்துகளும் வேண்டும். ஒரே ஆவணத்தில் இரண்டு மூன்று உள்ளீட்டு முறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் நாம். இல்லம் ஒன்று, விருந்து பல. பிறரினும் நமக்கே இச்சிக்கல் அணுக்கமானது.

ஆகவே, மாணவர்கள் சிலவற்றைப் பழகிக்கொள்ளுதல் நன்று. மென்பொருள் மூடிக்கொண்டால் உடனே தமிழைப் பழிக்காமல், உள்ளீட்டு நிரலை நிறுத்திவிட்டு அதே மென்பொருளில் அதே பணியைச் செய்து பார்த்தல் வேண்டும். அப்போதும் மூடினால் குற்றம் இல்லத்தினுடையது. மூடவில்லை எனின், வேறு மென்பொருளில் தமிழைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே இடரின்றி இயங்கினால், குற்றம் இல்லத்தில் மட்டுமோ விருந்தில் மட்டுமோ இல்லை. இரண்டும் சேரும் சேர்க்கையில் இருக்கிறது என்று ஐயுறலாம். பின்னர் இரண்டன் பதிப்பு எண்களையும், 32 பிட்டா 64 பிட்டா என்பதனையும், எந்த விசைக்குப் பின் நிகழ்ந்தது என்பதனையும் குறித்து ஆக்கியோருக்கு எழுதுதல் வேண்டும். 'தமிழ் வேலை செய்யவில்லை' என்னும் முறையீட்டால் பயனில்லை. எண்களோடு கூடிய முறையீடே தீர்வு தரும். ஆய்வேட்டை அடிக்கடி சேமித்தலும் ஒரு படியை வேறிடத்தில் வைத்தலும் எக்காலத்துக்கும் உரிய காப்பு.

கல்லூரிக்கென மென்பொருள் வாங்கும் பொறுப்புடையோரும், தமிழ் உள்ளீட்டு நிரல் எங்கே தங்குகிறது, அது நிலைகுலைந்தால் உடன் எது நிலைகுலையும் என்னும் இரண்டு வினாக்களை விற்போரிடம் கேட்டல் தகும். கணிப்பொறி பயிலும் நம் மாணவருள் தமிழார்வம் உடையோர் இத்துறையில் இறங்குவாராயின், விருந்து நிரலின் நுழைவுக் கூறினைச் சிறிதாக்கி, சார்பின்றி எழுதும் பயிற்சியை முதலிலேயே பெறல் வேண்டும். இலக்கணம் அறிந்தாரும் நிரல் அறிந்தாரும் ஒரு மேசையில் அமர்ந்தாலன்றி இப்பணி நிறைவேறாது.

நிறைவுரை

பிறர் இல்லத்துள் நுழையும் விருந்துக்கு நம் மரபு சில ஒழுக்கங்களை வகுத்துள்ளது. இசைவு பெற்று நுழைதல், தமக்குரிய இடத்தில் அமர்தல், இல்லத்தாரின் அடுக்களையில் கைவைக்காதிருத்தல், சுமையாகாமல் இருத்தல் ஆகியன அவற்றுட் சில. விருந்து நிரலுக்கும் இவையே இலக்கணம். தனக்கு வேண்டியதைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, சிறு வாயில்வழி மட்டும் இல்லத்தோடு உறவாடும் நிரலே இல்லத்துக்கும் நன்மை, தனக்கும் நன்மை.

தமிழ், கணிப்பொறி உலகில் பிறர் கட்டிய இல்லங்களிலேயே பெரும்பாலும் வாழ்ந்து வருகிறது. அந்நிலையில் அதன் மதிப்பு, அது எழுதும் எழுத்தின் அழகை மட்டும் பொறுத்ததன்று. நுழைந்த இல்லத்தை நிலைகுலையச் செய்யாத ஒழுங்கையும் பொறுத்தது. அவ்வொழுங்கினை அமைத்துத் தருவது வல்லுநர் கடன். குற்றம் எங்கே என்று ஆராய்ந்து, மொழியின்மேல் விழும் பொய்ப்பழியை நீக்குவது தமிழ் பயிலும் நம் அனைவரின் கடன்.